இறால் வெண்ணெய் சாஸும் இளங்காய்களும்: எது பிசகினால் என்ன செய்வது

பிரான்சில் நாந்த் நகரை ஒட்டிய லுவார் ஆற்றுப் பகுதியில் ஆற்று மீனுக்காகப் பிறந்தது இந்த வெண்ணெய் சாஸ். வினிகரில் வெங்காயத்தைச் சுண்டவைத்து, குளிர்ந்த வெண்ணெயைத் துண்டு துண்டாக அதில் அடித்துச் சேர்ப்பார்கள். அதிலேயே இறாலின் மணத்தையும் ஏற்றினால், வேகவைத்த இளங்காய்க்கு அதைவிடப் பொருத்தமான துணை எனக்குத் தெரிந்து இல்லை. ஐரோப்பாவில் மார்ச் முதல் மே வரை வரும் பட்டாணி, அஸ்பாரகஸ், பிஞ்சு கேரட், சிறு முள்ளங்கி ஆகியவற்றோடு பரிமாறுவார்கள். சேலத்தில் வசந்தம் என்று ஒன்று தங்குவதில்லை. மாசி போனால் வெயில்தான். ஆனாலும் மாசி மாதத்துக் காலை வேளையில் சூரமங்கலம் உழவர் சந்தைக்கோ அம்மாப்பேட்டை உழவர் சந்தைக்கோ போனால் பிஞ்சு பீன்ஸ், விரல் கனத்தில் கேரட், முற்றாத முள்ளங்கி, கடைசி வரத்துப் பட்டாணி, சௌசௌ என்று தேவையானவை கிடைத்துவிடும். அஸ்பாரகஸ் தேடி அலைய வேண்டாம். நம் ஊர்த் தண்ணீர்விட்டான் கிழங்கும் அதே இனச் செடிதான் என்றாலும் அதன் தளிரைப் பறித்து இதில் போடச் சொல்லமாட்டேன்.

நால்வருக்கு அளவு இது: தலையுடன் கூடிய இறால் அரைக் கிலோ, உப்பில்லாத வெண்ணெய் 180 கிராம், சின்ன வெங்காயம் ஆறு, வினிகர் மூன்று மேசைக்கரண்டி, காய்கள் 600 கிராம். இறாலின் சதையை மதியக் குழம்புக்கோ வறுவலுக்கோ எடுத்து வைத்துவிடலாம். இந்த சாஸுக்குத் தலையும் ஓடும் போதும்.

வெண்ணெயில் 60 கிராமை உருக்கி, தலையையும் ஓட்டையும் அதில் சிறுதீயில் எட்டு, பத்து நிமிடம் கரண்டியால் நசுக்கியபடி வதக்கி, துணியில் பிழிந்து வடிகட்டுங்கள். செம்மஞ்சள் நிறத்தில் வருவதுதான் இறால் வெண்ணெய். பிழிந்த சக்கையை எறிய வேண்டாம். அதில் ஒன்றரை டம்ளர் தண்ணீர் ஊற்றிக் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு வடித்தால் இறால் சாறு கிடைக்கும். பொடியாக நறுக்கிய வெங்காயத்தையும் வினிகரையும் அந்தச் சாற்றில் போட்டு, மூன்று மேசைக்கரண்டி மிஞ்சும் வரை சுண்டவிடுங்கள். பிறகு அடுப்பை ஆகச் சிறிதாக்கி, மீதி 120 கிராம் வெண்ணெயைக் குளிர்ந்த துண்டுகளாக ஒவ்வொன்றாகப் போட்டு அடித்துக்கொண்டே வாருங்கள். கடைசியில் இறால் வெண்ணெய்.

ஒரே சக்கையை இரண்டு முறை பிழிவதில் கஞ்சத்தனம் எதுவும் இல்லை. இறாலின் நிறமும் மணத்தின் பெரும்பகுதியும் கொழுப்பில்தான் கரையும். நாக்கில் நிற்கும் ருசி தண்ணீரில்தான் இறங்கும். கீழே வரும் கோளாறுகளில் சில, இந்த இரண்டில் ஒன்றை விட்டுவிடுவதால் வருபவை. வேறு சிலவற்றுக்குத் தீயின் அளவு காரணம். பொருள் சரியில்லை என்று கடைக்காரரைத் திட்டுவதற்கு முன் அடுப்பைப் பாருங்கள்.

சாஸ் திரிந்து, மேலே நெய் மிதக்கிறது

எல்லாரையும் கலங்கடிக்கும் கோளாறு இதுதான். மூன்று வழிகளில் வரும். எந்த வழியில் வந்தது என்று தெரிந்தால்தான் மருந்து.

முதலில் பாத்திரத்தில் விரல் நுனியை வைத்துப் பாருங்கள். சுட்டுக் கையை இழுத்துக்கொண்டால், சூடு மிஞ்சிவிட்டது என்று பொருள். வெண்ணெய் என்பது கொழுப்புக்குள் சிறு துளிகளாகத் தண்ணீர் அடங்கிய பொருள். சாஸ் ஆகும்போது அது தலைகீழாகி, சுண்டிய சாற்றுக்குள் கொழுப்பு நுண்துளிகளாகப் பரவி நிற்கிறது. அந்தத் துளிகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரித்து வைப்பவை வெண்ணெயில் இருக்கும் பால் புரதமும் அதைச் சார்ந்த பொருள்களும். 60 டிகிரியைத் தொடும்போது அந்தக் காவல் தளர்ந்துவிடும். கொழுப்பு ஒன்றுகூடி மேலே வந்துவிடும். கொதி வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். உடனே அடுப்பிலிருந்து இறக்கி, ஒரு ஐஸ் துண்டையோ ஒரு கரண்டி குளிர்ந்த தண்ணீரையோ விட்டு வேகமாக அடியுங்கள். லேசாகத் திரிந்திருந்தால் இதிலேயே கூடிவிடும். முழுதாகப் பிரிந்திருந்தால் வேறொரு கிண்ணத்தில் ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் எடுத்து, திரிந்த சாஸைச் சிறிது சிறிதாக அதில் ஊற்றி அடித்துக்கொண்டே வாருங்கள். தண்ணீருக்குள் கொழுப்புப் போக வேண்டும். கொழுப்பில் தண்ணீரைக் கொட்டினால் சேராது.

சூடு சரியாக இருந்தும் திரிந்தது என்றால், வெண்ணெயை அவசரமாகப் போட்டிருக்கிறீர்கள், அல்லது போடும்போதே வெண்ணெய் இளகியிருந்திருக்கிறது. சேலத்துச் சமையலறைக்கே உரிய தொல்லை இது. வெண்ணெய் முப்பது டிகிரியைத் தாண்டும்போதே இளகிக் குழைகிறது. பங்குனி, சித்திரையில் நம் சமையலறையே அதற்கு மேல்தான் இருக்கிறது. துண்டு போட்டு மேடையில் வைத்து, வெங்காயம் நறுக்கித் திரும்புவதற்குள் தட்டில் எண்ணெய் கசிந்திருக்கும். துண்டுகளை ஃப்ரீசரில் வைத்து, நான்கு நான்காக வெளியே எடுங்கள். முந்தைய துண்டு முக்கால்வாசி கரைந்த பிறகே அடுத்தது.

மூன்றாவது காரணத்தைப் பலர் கவனிப்பதே இல்லை. இறால் மணம் தூக்கலாக வேண்டும் என்ற ஆசையில் முழு வெண்ணெயையும் தலையோடு சேர்த்து வதக்கிவிடுகிறார்கள். பத்து நிமிடம் வதக்கும்போது வெண்ணெயிலிருக்கும் தண்ணீர் ஆவியாகிறது. பால் புரதம் சக்கையோடு துணியில் தங்கிவிடுகிறது. வடிந்து வருவது பெயரளவில் வெண்ணெய், உண்மையில் இறால் நெய். நெய்யை வைத்து இந்த சாஸைக் கூட்ட முடியாது. கொழுப்புத் துளிகளைக் காக்க வேண்டியவை அதில் இல்லை. அதனால்தான் மேலே மூன்றில் ஒரு பங்கை மட்டும் வதக்கச் சொன்னேன். புதிய வெண்ணெயால் சாஸ் முதலில் கூடி நிற்கட்டும். பிறகு ஆறிய இறால் வெண்ணெயை நூல்போல விட்டு அடித்தால் அது தாங்கிக்கொள்ளும். ஏற்கெனவே முழுதும் வதக்கிவிட்டவர்கள் சுண்டிய சாற்றோடு இரண்டு கரண்டி கெட்டிப் பாலேட்டைச் சேர்த்து, அதில் கொஞ்சம் கொஞ்சமாக அடித்துச் சேர்க்கலாம். பிரெஞ்சுக்காரர்களில் பழமை விரும்பிகள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

வீட்டில் கடைந்த வெண்ணெய் பற்றி ஒரு சொல். மோர் போகக் கழுவாத வெண்ணெயில் தண்ணீர் கூடுதல், புளிப்பும் உண்டு. அது திரிவதில்லை, சாஸ்தான் நீர்த்துவிடும். குளிர்ந்த தண்ணீரில் இரண்டு மூன்று முறை பிசைந்து கழுவிவிட்டு, வினிகரைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

நிறம் இருக்கிறது, இறால் ருசி இல்லை. அல்லது ருசி இருக்கிறது, நிறம் இல்லை

காரணத்தை மேலே சொல்லியாகிவிட்டது. நிறம் மட்டும் வந்தால் இறால் சாறு எடுக்கவில்லை, அல்லது போதுமான அளவு சுண்டவில்லை. ருசி மட்டும் வந்தால் ஓட்டை வெண்ணெயில் வதக்காமல் நேரே தண்ணீரில் வேகவைத்திருக்கிறீர்கள். பச்சை இறாலில் அந்தச் சிவப்பு நிறமி ஒரு புரதத்தோடு பிணைந்து சாம்பல் நீலமாகத் தெரிகிறது. சூடு பட்டதும் புரதம் விடுகிறது, நிறமி வெளியே வருகிறது. வந்தாலும் அது கொழுப்பில்தான் கரையும். வெறும் தண்ணீரில் அது என்ன செய்யும்?

இறாலே கிடைக்காத நாளில் சென்னாக்கூனி என்னும் காய்ந்த பொடி இறால் கைகொடுக்கும். ஒரு மேசைக்கரண்டியை வெறும் வாணலியில் மணம் வரும்வரை வறுத்து, கரகரப்பாகப் பொடித்து, சாற்றில் ஊறவிட்டு வடித்துவிடுங்கள். பொடியை அப்படியே சாஸில் விட்டால் மணல்போல நாக்கில் நெருடும்.

கவிச்சி அடிக்கிறது

சேலத்துக்குக் கடல் இல்லை. கடல் இறால் இங்கே ஐஸில் பயணப்பட்டுத்தான் வருகிறது. ஏற்காட்டுக்குப் போக வேண்டுமென்றால் அதற்கு மேல் இருபது கொண்டை ஊசி வளைவுகளும் ஏற வேண்டும். இறால் தலையிலிருந்துதான் கெட ஆரம்பிக்கும்; ஈரலும் செரிமான நொதிகளும் அங்கேதான் இருக்கின்றன. நமக்கோ தலைதான் வேண்டும். ஆகவே குழம்புக்கு இறால் வாங்கும் கண் இதற்குப் போதாது. தலை உடலோடு இறுக்கமாக ஒட்டியிருக்க வேண்டும், தொங்கக் கூடாது; தலைக்குள் கருமை பரவியிருக்கக் கூடாது; முகர்ந்தால் உப்புக்காற்று வாசனை வர வேண்டும். அம்மோனியா நெடி மூக்கில் ஏறினால் வாங்காதீர்கள். வாங்கி வந்து வீட்டில் பிரித்த பிறகு ஏறினால் முழுவதையும் கொட்டிவிடுங்கள். அதை எந்த எலுமிச்சையும் காப்பாற்றாது.

நெடி இல்லை, லேசான மீன் வாடை மட்டும்தான் என்றால் புளிப்பு போதும். அந்த வாடைக்குக் காரணமான பொருளைப் புளிப்பு ஆவியாகவிடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். கடைசியில் கால் எலுமிச்சம்பழத்தைப் பிழியுங்கள். கழுவும்போது மஞ்சள் தூள் போடும் வழக்கத்தை இதற்கு மட்டும் விட்டுவிடுங்கள். குழம்பில் தெரியாத மஞ்சள் வாசனை, வெண்ணெயில் முதல் வாயிலேயே தெரியும். கல் உப்புப் போட்டு ஒருமுறை, வெறும் தண்ணீரில் ஒருமுறை போதும்.

மேட்டூர் அணை மீனின் தலையையும் முள்ளையும் வைத்துச் சாறு எடுப்பவர்களுக்கு வேறு தொல்லை: கவிச்சி இருக்காது, சேற்று வாடை இருக்கும். நீரில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஒரு பொருள் மீனில் ஏறுவதால் வருவது அது. அதுவும் புளிப்புக்குக் கட்டுப்படும். முள்ளை எலுமிச்சைத் தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்துக் கழுவுங்கள். செவுளைக் கட்டாயம் நீக்க வேண்டும். மீன் முள் சாறு இருபது நிமிடத்துக்கு மேல் கொதிக்கக் கூடாது. அதில் இறங்கும் பசைத்தன்மை சாஸ் திரியாமல் நிற்க உதவும் என்பது ஒரு லாபம். சிவப்பு நிறம் கிடைக்காது என்பது நஷ்டம்.

கசக்கிறது

வெண்ணெயில் பழுப்புப் புள்ளிகள் தெரிகின்றனவா? பால் புரதம் கருகியிருக்கிறது. பெருந்தீயில் வதக்கியதன் விளைவு. புள்ளி இல்லாமலே கசந்தால் ஓட்டை அரை மணி, முக்கால் மணி என்று கொதிக்கவிட்டிருப்பீர்கள். எலும்பு சூப்பு பழக்கத்தில் பலர் இதைச் செய்கிறார்கள். இறால் ஓட்டில் இருப்பது கால் மணியில் இறங்கிவிடும். அதற்குப் பிறகு இறங்குவது நமக்கு வேண்டாதது. எலுமிச்சை விதை நசுங்கி விழுந்திருந்தாலும் கசக்கும். கசந்த சாஸில் சர்க்கரை போட்டுச் சமாளிக்காதீர்கள். இனிப்பும் கசப்பும் சேர்ந்து இருமல் மருந்து வாசனை வந்துவிடும். புதிதாகச் செய்வதே வழி.

சாஸ் சாம்பல் நிறமாகிறது

பாத்திரம். அலுமினியமோ இரும்போ வினிகரோடு வினைபுரியும். உலோக ருசியும் வரும். நல்ல எவர்சில்வர் பாத்திரம் எடுங்கள், எவர்சில்வருக்குச் சேலத்தில் என்ன பஞ்சம்? அடி மட்டும் கனமாக இருக்க வேண்டும். மெல்லிய அடியில் தீப்படும் இடம் மட்டும் தனியாகச் சுட்டு, அங்கிருந்தே சாஸ் திரிய ஆரம்பிக்கும்.

பட்டாணியும் பீன்ஸும் பாசி நிறமாகிவிடுகின்றன

பச்சையத்தின் நடுவில் இருக்கும் மெக்னீசியத்தைச் சூடும் புளிப்பும் சேர்ந்து வெளியே தள்ளிவிடுகின்றன. அப்போது பச்சை, பழுப்புப் பச்சையாகிறது. காயிலிருந்தே வேகும்போது புளிப்பு வெளிவரும். மூடி போட்டு வேகவைத்தால் அது ஆவியோடு போகாமல் திரும்பவும் காயிலேயே விழுகிறது. எனவே பெரிய பாத்திரத்தில் நிறையத் தண்ணீர், நன்றாக உப்பு, தளதளவென்று கொதி, மூடி கூடாது. பட்டாணிக்கு இரண்டு மூன்று நிமிடம், பிஞ்சு பீன்ஸுக்கு நான்கைந்து நிமிடம். உடனே ஐஸ் தண்ணீரில் போட்டு எடுங்கள்.

குக்கரில் ஒரே ஒரு விசில் விட்டால் என்ன என்று கேட்பவர்களிடம் எனக்குப் பேச்சில்லை. சோடா உப்பு போட்டால் பச்சை நிற்கும், உண்மைதான். காயின் சுவர்கள் கரைந்து கூழாவதும் உண்மை.

சாஸிலும் வினிகர் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. கலந்து வைத்துவிட்டு விருந்தாளிக்குக் காத்திருந்தால் பச்சை மங்கத்தான் செய்யும். தட்டில் காய், அதன்மேல் சாஸ், உடனே பந்தி.

கேரட்டும் சௌசௌவும் வேகவே மாட்டேன் என்கின்றன

ஏற்காட்டிலா, சேலத்திலா என்று முதலில் சொல்லுங்கள். இரண்டுக்கும் காரணம் வேறு.

ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரம் 300 மீட்டர் கூடினால் தண்ணீரின் கொதிநிலை சுமார் ஒரு டிகிரி குறையும். ஆக, அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். தீயை எவ்வளவு கூட்டினாலும் ஆவிதான் அதிகமாகப் போகும், சூடு ஏறாது. மலைமேல் விடுதி எடுத்துத் தங்கிச் சமைப்பவர்கள், வீட்டுக் கணக்கில் ஐந்து நிமிடம் வேகவைத்துவிட்டுக் கேரட்டைக் கடித்துப் பார்த்து அடுப்பைக் குறை சொல்வார்கள். கேரட்டை மெல்லியதாக நறுக்கி, நேரத்தை ஏறக்குறைய ஒன்றரை மடங்காக்குங்கள். கேரட்டுக்கும் சௌசௌவுக்கும் மூடி போடலாம். பச்சையம் பற்றிய கவலை அவற்றுக்கு இல்லை.

சேலத்தில் என்றால் தண்ணீரைப் பாருங்கள். பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படலம் விடும் போர்வெல் தண்ணீரில் கால்சியம் அதிகம். அது காயின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டினை இறுக்கிவிடும். சமையலுக்குக் குடிநீரையே எடுங்கள். தண்ணீரில் எலுமிச்சையோ வினிகரோ விட்டிருந்தாலும் இதே கதிதான்: புளிப்பில் காய் குழையாது. புளி ஊற்றிய பிறகு காய் வேகாது என்று நம் வீடுகளில் சொல்வதும் இதையே.

எல்லாக் காயையும் ஒரே பாத்திரத்தில் ஒரே நேரத்தில் போட்டிருந்தால் பிழை வேறு எங்கும் இல்லை. கேரட் முதலில், பட்டாணி கடைசியில்.

சாஸ் காயில் ஒட்டாமல் தட்டின் அடியில் தேங்குகிறது

காய் ஈரமாக இருக்கிறது. சௌசௌ இதில் முதல் குற்றவாளி. வடித்த பிறகும் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்கும். வடித்த காயைத் துணியில் பரப்பி ஒற்றி, சூடான வெறும் வாணலியில் ஒரு நிமிடம் குலுக்கி, பிறகு சாஸ் ஊற்றுங்கள். காய் உலர்ந்திருந்தும் வழிந்தால் சாற்றைச் சரியாகச் சுண்டவிடவில்லை.

தட்டிலேயே உறைந்து மெழுகாகிறது

மாசி மாதத்து ஏற்காட்டு இரவில் இது தவறாமல் நடக்கும். எவர்சில்வர் தட்டு சூட்டை நொடியில் உறிஞ்சிவிடும். சாஸ் முப்பது டிகிரிக்குக் கீழே போனால் வெண்ணெய் உறையத்தான் செய்யும். பீங்கான் தட்டை வெந்நீரில் போட்டு வைத்து, துடைத்துப் பரிமாறுங்கள். சாஸ் தயாராகி, ஆட்கள் வரத் தாமதமானால் வெந்நீர் ஊற்றிய பிளாஸ்கைக் கவிழ்த்துக் காலி செய்து அதில் ஊற்றி வைக்கலாம். அரை மணிக்கு மேலும் தாங்கும். கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்தால் கவனம் வேண்டும். பேச்சு சுவாரசியத்தில் சூடு ஏறிவிடும், பிறகு முதல் கோளாற்றுக்கே திரும்ப வேண்டும்.

உப்பு கரிக்கிறது

உப்பு சேர்த்த டேபிள் வெண்ணெய், கடல் இறாலில் உள்ள உப்பு, அதைச் சுண்டவைத்தது. மூன்றும் சேர்ந்தால் வேறென்ன வரும்? உப்பில்லாத வெண்ணெயை இன்னும் கொஞ்சம் அடித்துச் சேருங்கள். காய் வேகும் தண்ணீரில் உப்பைக் குறையுங்கள். சென்னாக்கூனி போட்டால் தனியே உப்பே வேண்டாம்.

நான்கு வாயில் திகட்டிவிடுகிறது

கேரட்டும் பட்டாணியும் இனிப்பு, வெண்ணெய் வழுவழுப்பு, இறாலும் இனிப்புதான். எதிர்நிற்க எதுவும் இல்லை. எலுமிச்சையைக் கூட்டுங்கள், முள்ளங்கியைப் பாதி வேகவைத்தும் பாதி பச்சையாகவும் சேருங்கள். ஏற்காட்டுக் காபித் தோட்டங்களில் நிழல்மரங்களில் ஏறும் மிளகு கிடைத்தால், அப்போதே கொரகொரப்பாகத் தட்டி, பரிமாறும்போது தூவுங்கள். இங்கே தாளிப்பு ஆசை வரும். கடுகும் கறிவேப்பிலையும் இரண்டு பூண்டும் போட்டால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இவ்வளவு பாடுபட்டு இறால் தலையிலிருந்து எடுத்த மணம் அந்தக் கறிவேப்பிலைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். ஒன்று அது, அல்லது இது.

சாப்பிட்ட சற்று நேரத்தில் உதடு வீங்குகிறது, தோல் அரிக்கிறது, மூச்சு இழுக்கிறது

இது சமையலறையில் தீர்க்கும் கோளாறு இல்லை. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இறால் ஒவ்வாமைக்குக் காரணமான புரதம் வேகவைத்தாலும் அழியாது, துணியில் வடித்தாலும் முழுதாகப் போகாது. ‘இறால் துண்டு எதுவும் போடவில்லையே’ என்ற சமாதானம் இதில் செல்லாது. பார்த்தால் வெறும் காய்கறித் தட்டாகத் தெரியும் என்பதால், பரிமாறுவதற்கு முன்பே விருந்தினரிடம் சொல்லிவிடுங்கள். சைவர்கள் இருக்கும் பந்தியில் சொல்ல வேண்டிய அவசியம் இன்னும் அதிகம்.

மீந்ததைச் சூடாக்கினால் திரிகிறது

திரியத்தான் செய்யும், இந்த சாஸுக்கு மறுசூடு கிடையாது. குளிர்சாதனப் பெட்டியில் கட்டியாகட்டும். மறுநாள் அந்தக் கட்டியைச் சூடான சோற்றிலோ தோசைமேலோ வைத்து உருகவிட்டுச் சாப்பிடுங்கள். பாதிச் சதையை எடுத்து வைத்திருந்தால் இறாலை அதிலேயே வதக்கலாம். அடிக்கடி செய்பவர்கள் சாஸாகச் சேமிக்காமல் இறால் வெண்ணெயை மட்டும் சிறு கிண்ணங்களில் ஊற்றி ஃப்ரீசரில் வையுங்கள். ஒரு மாதம் வரை மணம் நன்றாக நிற்கும். வேண்டும்போது ஒரு துண்டை எடுத்துப் புதிய சாஸின் கடைசியில் அடித்துச் சேர்க்க வேண்டியதுதான்.